மெய்ஞ்ஞானம் என்று பக்தி நூல்கள் எதைச் சொல்கின்றன?

வேதாந்த வகுப்பு ஒன்றுக்குச் சென்றுவரும் அன்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. பக்தி என்பது ஞானம் வராதவர்களுக்கான முதற்படி என்றும், ஞானம் வந்துவிட்டால் கோயிலும் கும்பிடுதலும் தாமாகவே உதிர்ந்துவிடும் என்றும் அவருக்கு அங்கே சொல்லியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாமல், நாள் தவறாது விளக்கேற்றி வாழ்ந்து மறைந்த தம் பாட்டியை நினைக்கும்போது அந்தப் பேச்சு உறுத்துவதாகச் சொல்லி, அப்படியானால் பக்தி மரபுகள் மெய்ஞ்ஞானம் என்று எதைத்தான் குறிக்கின்றன என்று கேட்கிறார்.

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைணவமும் சைவ சித்தாந்தமும் இறைவனைப் பற்றிய செய்திகளைத் திரட்டி வைத்திருப்பதை ஞானம் என்று கொள்வதில்லை. தனக்கும் இறைவனுக்கும் உள்ள உறவு இன்னது என்று ஓர் உயிர் உணர்வதையே அவை ஞானம் என்கின்றன. அந்த உணர்வு முற்றிய நிலைக்கு அன்பு என்று பெயர் வைக்கின்றன. ஆகவே ஞானம் வந்தபின் பக்தி உதிரும் என்ற பேச்சு அம்மரபுகளுக்குள் பொருந்தாது. பழம் பழுத்தபின் இனிப்பு போய்விடும் என்று சொல்வதைப் போன்றது அது.

படிப்பறிவு வேறு, மெய்யறிவு வேறு என்ற பிரிவு பக்தி நூல்கள் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. முண்டக உபநிடதத்தின் தொடக்கத்தில் சௌனகர் அங்கிரசிடம் சென்று, எதை அறிந்தால் எல்லாம் அறிந்ததாகும் என்று கேட்கிறார். அதற்கு அங்கிரசர் வித்தைகள் இரண்டு என்று சொல்லி, நான்கு வேதங்களையும் ஆறு அங்கங்களையும் 'அபரை', அதாவது தாழ்ந்த வித்தை, என்ற பக்கத்தில் வைத்துவிட்டு, அழியாத பொருளை அடைவிக்கும் அறிவொன்றையே 'பரை' என்கிறார். வேதத்தின் ஒரு பகுதியே வேதப் படிப்பைத் தாழ்ந்த வித்தை என்று சொல்லும் துணிவை நாம் போதிய அளவு வியப்பதில்லை என்பது என் எண்ணம். சாந்தோக்கியத்தின் 7-ஆம் அத்தியாயத்தில் நாரதரும் இதே இடத்தில்தான் நிற்கிறார். தாம் கற்ற நூல்களை வரிசையாகச் சொல்லி முடித்தபின், மந்திரங்களை அறிந்தவனாக இருக்கிறேனே தவிர ஆன்மாவை அறிந்தவனாக இல்லை, துயரத்தில் கிடக்கிறேன், கரையேற்றுங்கள் என்று சனத்குமாரரிடம் கேட்கிறார்.

தமிழில் இதையே இன்னும் கூர்மையாகச் சொன்னவர் சைவ சித்தாந்த ஆசிரியரான அருணந்தி சிவாசாரியார். சிவஞான சித்தியாரில் அவர் அறிவைப் பாசஞானம், பசுஞானம், பதிஞானம் என்று மூன்றாக வகுக்கிறார். பாசம் என்பது உயிரைக் கட்டும் தளை, பசு என்பது உயிர், பதி என்பது இறைவன். வேதம், சாத்திரம், மிருதி, புராணம், கலைஞானம் எனத் தொடங்கி நாதமுடிவு, அதாவது ஒலியின் நுண்ணிய எல்லை, வரையில் உள்ள அனைத்தையும் அவர் பாசஞானத்தில் சேர்க்கிறார். 'நான் பிரமம்' என்று தன்னையே முடிவாகக் கருதி நிற்கும் அறிவைப் பசுஞானம் என்கிறார். இவ்விரண்டாலும் காண முடியாத பரம்பரனைப் 'பதிஞானத்தாலே நேசமொடும் உள்ளத்தே நாடி' அறிய வேண்டும் என்கிறார். அந்த 'நேசமொடும்' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடக் கூடாது. மிக உயர்ந்த அறிவை விளக்கும் இடத்தில், அது செயல்படும் முறையாக அவர் நேசத்தையே வைக்கிறார்.

இனி ஒரு கதைக்கு வருகிறேன். அரசகுமாரன் ஒருவன் குழந்தையாக இருக்கும்போதே அரண்மனையிலிருந்து பிரிந்து, வேறு யாரிடமோ வளர்ந்து, தான் யார் என்று அறியாமல் வாழ்கிறான். ஒரு நாள் யாரோ ஒருவர் உண்மையைச் சொல்கிறார். வேதாந்த உலகில் பழகிய கதைதான். ஆனால் இதை அத்வைத வேதாந்தத்தின் சங்கரர், வைணவத்தின் இராமானுசர், சைவ சித்தாந்தத்தின் மெய்கண்டார் ஆகிய மூவருமே கையாண்டிருக்கிறார்கள் என்பதும், மூவரும் கதையின் வெவ்வேறு இடத்தில் அழுத்தம் கொடுக்கிறார்கள் என்பதும் நம் கேள்விக்கு நேரே வெளிச்சம் தருகின்றன.

பிருகதாரணியக உரையில் சங்கரர் இதை மரபறிந்தோர் சொல்லும் கதை என்று எடுத்துக்காட்டுகிறார். அங்கே பிள்ளை வேடன் வீட்டில் வளர்கிறான்; தன்னை வேடனாகவே கருதி வேடர் தொழிலையே செய்கிறான். 'நீ வேடன் அல்லன், இன்ன அரசனின் மகன்' என்று ஒருவர் சொன்னதும் அந்த எண்ணம் விலகி, தான் அரசன் என்ற தன் நிலைக்குத் திரும்புகிறான். இங்கே அழுத்தம் பிள்ளையின் தன்னறிவில் விழுகிறது. தவறான எண்ணம் நீங்கியதே பேறு. புதிதாக அடைய வேண்டியது எதுவும் இல்லை. உங்கள் வகுப்பில் சொல்லப்பட்டது இந்த வாசிப்பின் வழி வருவது. அந்த அமைப்புக்குள் அது முறையாகவே பொருந்தும், ஆதலால் சொன்னவரை நான் குறை கூறமாட்டேன். அதுவே எல்லா மரபுகளின் தீர்ப்பு என்று சொல்லும்போதுதான் பிழையாகிறது.

இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தில், பிரம்மசூத்திரத்தின் 4-ஆம் சூத்திர உரையில், இந்தக் கதையை வேறு விதமாகச் சொல்கிறார். சிறுவன் விளையாட்டு மும்முரத்தில் அரண்மனையை விட்டு வெளியேறி வழி தவறிவிடுகிறான். அவனை எடுத்து வளர்ப்பவர் வேடர் அல்லர், நல்ல அந்தணர் ஒருவர். 16 வயதுக்குள் அவன் வேதமும் சாத்திரப் பொருளும் கற்று, நற்குணங்களுடன் நிற்கிறான். தன் தந்தை யார் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. அப்போது நம்பத்தகுந்த ஒருவர் வந்து, உன் தந்தை உலகாளும் மன்னர், காணாமற்போன உன்னைக் காணும் ஆவலோடு தலைநகரில் காத்திருக்கிறார் என்கிறார். கேட்ட அந்தக் கணத்திலேயே, நான் உயிரோடிருக்கும் தந்தையின் மகன், அவரும் எல்லாச் செல்வமும் நிறைந்தவர் என்று அவன் எல்லையற்ற மகிழ்ச்சி அடைகிறான். மறுபக்கம் மகன் நலமாக இருப்பதைக் கேட்ட அரசனும் வேண்டியதெல்லாம் பெற்றவனாகிறான்; அவனை மீட்டுக்கொள்ள முயல்கிறான்; பிறகு இருவரும் சேர்கிறார்கள்.

வேதம் கற்ற பிள்ளைதான் தந்தையை அறியாதவனாகவும் இருக்கிறான் என்பதை இராமானுசர் தற்செயலாக வைத்திருக்க முடியாது. கல்வி அவனிடம் குறைவின்றி இருக்கிறது. அவனுக்குக் கிடைக்காமலிருந்தது 'இன்னாருடைய மகன்' என்ற ஒரே ஒரு செய்தி. அது கிடைத்ததும் அவன் கற்றதெல்லாம் வீணாகிவிடவும் இல்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, கதையில் அரசனுக்கும் பங்கு இருப்பது. தந்தை தேடிக்கொண்டிருக்கிறார். மகன் அறிவதற்கு முன்பே உறவு இருக்கிறது. அறிந்ததால் அது உண்டாவதில்லை. கீதையின் 7-ஆம் அத்தியாயத்தில் தன்னைத் தொழுவோரைத் துன்புற்றவன், அறிய விரும்புபவன், பொருள் விரும்புபவன், ஞானி என நால்வராக்கும் கண்ணன், ஞானியை என் ஆன்மாவாகவே கருதுகிறேன் என்கிறான். அங்கே ஞானி தொழுவோருள் ஒருவன் என்பதையும், தொழுகையைக் கடந்து போனவனாக அவன் வைக்கப்படவில்லை என்பதையும் உங்கள் வகுப்பில் ஒருமுறை நினைவூட்டலாம்.

13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் அமைத்த சிவஞான போதத்தில் இந்தக் கதை 8-ஆம் சூத்திரமாகச் சுருங்கி நிற்கிறது: 'ஐம்புல வேடரின் அயர்ந்தனை வளர்ந்தெனத், தம்முதல் குருவுமாய்த் தவத்தினில் உணர்த்தவிட்டு, அந்நியம் இன்மையின் அரன்கழல் செலுமே.' வேடர் இங்கே ஐம்புலன்கள். நீ அவர்களிடையே உன்னை மறந்து வளர்ந்தாய் என்று உணர்த்த வருபவர் யார் என்பதில்தான் மெய்கண்டார் கதையைத் திருப்புகிறார். தூதர் ஒருவரும் வருவதில்லை. 'தம்முதல் குருவுமாய்' வருகிறார், அதாவது அரசனே ஆசிரியனாகக் காட்டுக்கு வருகிறான். 'அந்நியம் இன்மையின்' என்ற தொடர், உயிர் சென்று சேர்வது அயலாரிடம் அன்று என்கிறது. ஒன்று என்றும் இரண்டு என்றும் சொல்ல முடியாத அந்த உறவைத்தான் சித்தாந்தம் அத்துவிதம் என்ற சொல்லுக்குப் பொருளாகக் கொள்கிறது.

ஆனால் 'நீ அரசன் மகன்' என்று ஒரு முறை காதில் விழுந்தால் போதுமா? 'இறைவன் தலைவன், நான் அடிமை' என்ற வாக்கியத்தின் பொருள் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். இதனால்தான் இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே, வாக்கியத்தின் பொருளை விளங்கிக்கொள்ளும் அறிவு வீடுபேற்றைத் தராது என்று நெடிய வாதம் நடத்துகிறார். உபநிடதங்கள் 'அறிதல்', 'தியானித்தல்', 'உபாசித்தல்' என்ற சொற்களை ஒன்றன் இடத்தில் ஒன்றாகப் பயன்படுத்துகின்றன. ஆகவே அவை விதிக்கும் அறிவு, எண்ணெய் ஒழுக்குப் போல் இடையறாத நினைவு என்பது அவர் முடிவு. உங்கள் பாட்டி விளக்குக்கு எண்ணெய் விட்டதைப் பக்கத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். கிண்ணத்தைச் சாய்த்தால் எண்ணெய் ஒரு நூல்போல இறங்கும். துளிகளாக முறியாது, ஓசையும் எழாது. அதே கிண்ணத்தில் தண்ணீரை வைத்துச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாகத் தெறிக்கும். நம்முடைய இறைநினைவு பெரும்பாலும் தண்ணீர் வகை. ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் நடுவே கடன் தவணையும் பக்கத்து வீட்டுப் பேச்சும் வந்துவிடுகின்றன.

இந்த நினைவுக்கும் அன்புக்கும் என்ன தொடர்பு என்பதை அவர் வேதார்த்த சங்கிரகத்தில் ஆராய்கிறார். பக்தி என்ற சொல் ஒருவகைப் பிரீதியை, அதாவது அன்பு கலந்த மகிழ்ச்சியை, குறிக்கும், அந்தப் பிரீதியோ ஒருவகை ஞானமே என்பது அவர் கூற்று. மகிழ்ச்சி வேறு, அறிவு வேறு அல்லவா, அறிவால் மகிழ்ச்சி விளைகிறது என்றுதானே சொல்கிறோம் என்ற மறுப்பையும் அவரே எழுப்பி, எந்த அறிவால் மகிழ்ச்சி விளைவதாகச் சொல்கிறோமோ அந்த அறிவேதான் மகிழ்ச்சி என்று விடை கூறுகிறார். பொருள்களைப் பற்றிய அறிவு இன்பமாகவோ துன்பமாகவோ இரண்டுமற்றதாகவோ அமைகிறது. பொருளின் தன்மைதான் அதை முடிவு செய்கிறது. வெளியூரில் படிக்கும் மகளுக்காக இரவில் பேருந்து நிலையத்தில் நிற்கும் தாயை நினைத்துப் பாருங்கள். பேருந்து வந்து நிற்கிறது, சன்னலில் ஒரு முகம் தெரிகிறது. 'இது என் மகள்' என்று முதலில் அறிந்து, பிறகு அந்த அறிவிலிருந்து மகிழ்ச்சியைத் தருவித்துக்கொள்ளவா அவள் செய்கிறாள்? அந்த அறிதலே மகிழ்ச்சி. அதே முகத்தைப் பார்க்கும் நடத்துநருக்கும் அறிவு உண்டு. அவருக்கு அது ஒரு பயணியின் முகம். இருவருக்கும் உள்ள வேறுபாடு உறவுதான். இறைவனைப் பற்றிய அறிவு நமக்கு இரண்டுமற்றதாகவே இருந்தால், நாம் அவனை இன்னும் நடத்துநரைப் போலத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

நம்மாழ்வார் இதை ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். திருவாய்மொழியின் முதற் பாசுரத்தில் 'மயர்வற மதிநலம் அருளினன் எவன் அவன்' என்கிறார். மதியும் நலமும், அதாவது ஞானமும் பக்தியும், தனித்தனியே தரப்பட்டனவா, அல்லது பக்தியாகவே வடிவெடுத்த ஞானம் தரப்பட்டதா என்று உரையாசிரியர்கள் இந்தச் சொல்லை நிறுத்தி நிறுத்தி ஆராய்ந்திருக்கிறார்கள். 'அருளினன்' என்ற வினையையும் கவனிக்க வேண்டும். ஆழ்வார் தாம் முயன்று தெளிந்ததாகச் சொல்லவில்லை. தன்னை அன்போடு தொழுவோர்க்குத் தன்னை வந்தடையும் புத்தியைத் தானே தருவதாகக் கீதையின் 10-ஆம் அத்தியாயம் சொல்வதும் இதுவே.

'மயர்வு' என்பதையும் உரைகாரர்கள் விடவில்லை. அறியாமை ஒரே வகையானதன்று. அறிவு தோன்றாமலே இருப்பது ஒன்று. மஞ்சட்காமாலை கண்டவன் வெண்சங்கை மஞ்சள் என்று காண்பதுபோல, பொருளைச் சரியாகப் பிடித்து அதன் தன்மையை மாற்றி அறிவது இன்னொன்று. அதற்கு அந்யதா ஞானம் என்று பெயர். கயிற்றைப் பாம்பு என்பதுபோல் பொருளையே மாற்றி அறிவது விபரீத ஞானம். உடலையே 'நான்' என்பது இந்த மூன்றாவது தவறு. உடலினும் வேறான உயிர் நான் என்று தெரிந்தும், நான் எவருக்கும் உரியவன் அல்லன், தன்னுரிமை உடையவன் என்று நினைப்பது சங்கு மஞ்சளான கதை. படித்தவர்களுக்கு வரும் நோய் பெரும்பாலும் இதுதான் என்பேன். கயிறு கயிறாகத் தெரிந்துவிட்டது, சங்குதான் இன்னும் மஞ்சளாக இருக்கிறது. ஓர் உயிர் அறிய வேண்டியவை இறைநிலை, உயிர்நிலை, அடையும் வழி, தடை, அடையும் பயன் என்ற ஐந்துதான் என்று அர்த்த பஞ்சகம் வரையறுப்பதும், அந்த ஐந்தும் உறவின் இரு முனைகளையும் இடைவெளியையுமே சுற்றி நிற்பதும் இதனோடு சேர்த்து எண்ணத் தக்கவை.

ஒருவரிடம் இந்த அறிவு வந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்? கீதையின் 13-ஆம் அத்தியாயத்தில் 7 முதல் 11 வரையுள்ள சுலோகங்கள் (சில பதிப்புகளில் 8 முதல் 12) 'இது ஞானம்' என்று ஒரு பட்டியலையே தருகின்றன. இருபது குணங்கள் கொண்ட அந்தப் பட்டியலில் கொள்கை என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு, பெரும்பாலும் நடத்தைதான். தற்பெருமை இன்மை, பகட்டின்மை, பிற உயிரை வருத்தாமை, பொறுமை, நேர்மை, ஆசிரியரைப் பணிதல் என்று தொடங்கி, நடுவில் 'என்னிடம் பிறழாத பக்தி' என்பதையும் ஞானத்தின் ஓர் உறுப்பாகவே வைத்து, இவையல்லாதது அஞ்ஞானம் என்று முடிகிறது. இவை ஞானத்திற்குக் கருவியாக இருப்பதால் ஞானம் எனப்பட்டன என்று சங்கரரும் இராமானுசரும் ஒருமிக்க உரைக்கிறார்கள். கொள்கையில் அத்தனை தூரம் விலகி நிற்கும் இருவரும் இங்கே கைகோத்துக்கொள்வது கவனிக்கத் தக்கது.

முதலில் வைக்கப்பட்ட தற்பெருமை இன்மைக்குச் சைவ மரபில் ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். ஆகமங்கள் அனைத்தும் கற்றதால் சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருடைய மாணவர்கள் ஒவ்வொருவராகத் திருவெண்ணெய்நல்லூரில் ஒரு சிறுவனிடம் பாடம் கேட்கப் போய்விட்டார்கள். பொறுக்க முடியாமல் பண்டிதரே அங்கு சென்றார். சிறுவர், உயிரை மறைத்து நிற்கும் அகந்தை அழுக்காகிய ஆணவ மலத்தைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். 'அந்த ஆணவத்தின் வடிவம் என்ன?' என்று பண்டிதர் நின்றபடியே கேட்டார். சிறுவர் வாய் திறக்கவில்லை. அவரை அடிமுதல் முடிவரை பார்த்தார், அவ்வளவுதான். பண்டிதருக்கு விளங்கிவிட்டது, அந்தச் சிறுவரின் காலில் விழுந்தார். சிறுவர் மெய்கண்டார். பண்டிதர் பின்னாளில் அருணந்தி சிவாசாரியார் ஆனார். வேதசாத்திரப் படிப்பைப் பாசஞானத்தில் சேர்த்தவர் அவர்தான் என்று முன்பே சொன்னேன். படிக்காதவர் ஒருவர் அப்படி எழுதியிருந்தால் அதற்கு இந்த எடை இருந்திராது.

இதை வைத்துப் 'படிக்காதவனே ஞானி' என்று ஒரு கட்சி கிளம்புவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுத்தறியாமையை அருளாக்கிப் பேசுவது, பெரும்பாலும் கற்றவர்கள் தங்கள் வசதிக்குச் செய்யும் அலங்காரம். திருப்பாவையின் 28-ஆம் பாசுரத்தில் 'கறவைகள் பின்சென்று கானம் சேர்ந்துண்போம், அறிவொன்றும் இல்லாத ஆய்க்குலத்து' என்று ஆய்ச்சியரைப் பேசவைக்கும் ஆண்டாள் எவ்வளவு கற்றவள் என்பது மற்ற பாசுரங்களிலேயே தெரியும். மற்றவர்கள் குருவின் பின்சென்று திருத்தலம் சேர்வார்கள், நாங்கள் மாட்டின் பின்சென்று காடு சேர்வோம், அங்கே செய்வதும் உண்பதுதான் என்று அந்தப் பெண்கள் தங்கள் கையில் எதுவும் இல்லை என்பதை ஒவ்வொன்றாகக் கழித்துக் காட்டுகிறார்கள். எல்லாம் கழிந்தபின் ஒன்று மிஞ்சுகிறது: 'குறைவொன்றும் இல்லாத கோவிந்தா, உன்தன்னோடு உறவேல் நமக்கு இங்கு ஒழிக்க ஒழியாது.' எங்களிடம் 'ஒன்றும் இல்லை', உன்னிடம் குறை 'ஒன்றும் இல்லை' என்று அந்த இரண்டு இன்மைகளையும் அருகருகே வைத்து, நடுவில் உறவைப் போடுகிறாள். உன்னாலும் ஒழிக்க முடியாது, எங்களாலும் ஒழிக்க முடியாது என்று உரைகாரர்கள் விரிப்பார்கள். அறிவொன்றும் இல்லை என்று சொன்னவர்கள், இராமானுசரின் கதையில் வேதம் கற்ற அந்த அரசகுமாரனுக்குத் தெரியாமலிருந்த செய்தியை உறுதியாக அறிந்திருக்கிறார்கள்.

உங்கள் பாட்டி எந்த நிலையில் இருந்தார் என்று நான் சொல்ல முடியாது. எவரும் வெளியிலிருந்து சொல்ல முடியாது. விளக்கு ஏற்றியது பழக்கத்தாலும் இருக்கலாம், அச்சத்தாலும் இருக்கலாம், ஆய்ச்சியரின் உறுதியோடும் இருக்கலாம். அந்தக் குணப் பட்டியலில் உள்ளவற்றில் எவற்றையெல்லாம் அவரிடம் கண்டீர்கள் என்பது கூட இருந்த உங்களுக்குத்தான் தெரியும்.

ஞானம் வந்தபின் கோயில் உதிருமா என்ற பகுதிக்குச் சிவஞான போதத்தின் கடைசிச் சூத்திரம் நேராகவே விடை தருகிறது. 11-ஆம் சூத்திரத்திலேயே உயிர் 'அயரா அன்பின்' அரன்கழல் சேர்ந்துவிட்டது. நூல் அங்கே முடிந்திருக்கலாம். மெய்கண்டார் இன்னொன்று எழுதுகிறார். இறைவன் திருவடியைச் சேரவொட்டாத மலத்தைக் கழுவி, அன்பரோடு கலந்து, மயக்கமற்று நேயம் மிகுந்தவர்கள் அதன்பின் என்ன செய்வார்கள் என்பது அதன் பொருள். அவர்கள் அடியாரின் வேடத்தையும் 'ஆலயம் தானும் அரன் எனத் தொழுமே' என்று சூத்திரமும் நூலும் ஒன்றாக முடிகின்றன.